தக்கையைத் தள்ளிய எண்ணெய்

அன்புள்ள ஐயா,

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். நூலை முறுக்கிச் சுற்றும் ஸ்பிண்டில்களுக்கு நாங்கள் ஊற்றும் எண்ணெய் மிகவும் நீர்த்தது. நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் ஓடுகிற பொருளுக்குக் கெட்டியான எண்ணெய் ஊற்றினால் இன்னும் நல்லதல்லவா? எங்கள் மூத்த ஃபிட்டர் வேறு, "பேரிங் ஓடும்போது தேயாது, நிறுத்தி எடுக்கும்போதுதான் தேயும்" என்கிறார். ஓடாத பொருள் எப்படித் தேயும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஃபிட்டர் சொல்வது சரி. அப்படி ஒருவரிடம் வேலை பழகக் கிடைத்தது உங்கள் பாக்கியம்.

தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய் மெத்தை போல விரிந்து கிடக்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். தண்டு நின்றுவிட்டால் அதன் எடையே எண்ணெயைப் பிதுக்கி வெளியேற்றிவிடும். உலோகம் உலோகத்தின் மேல் உட்கார்ந்துவிடும். திரும்பச் சுற்றத் தொடங்கும்போது தண்டின் மேல் ஒட்டிய எண்ணெய் அதனோடு இழுபட்டு, குறுகிக்கொண்டே போகும் இடைவெளிக்குள் புகுகிறது. அகன்ற வாயில் நுழைந்த கூட்டம் ஒடுங்கிய சந்தில் நெருக்கியடிப்பதைப் போல அங்கே அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம்தான் தண்டைத் தூக்குகிறது. மழை நாளில் வேகமாகப் போகும் கார் ஈரத் தார்ச்சாலையில் பிடிமானம் இழந்து வழுக்குவதும் இப்படித்தான்: டயருக்கு அடியில் தண்ணீர் ஆப்பு போல நுழைந்து வண்டியைச் சாலையிலிருந்து தூக்கிவிடுகிறது. அங்கே ஆபத்தாக இருப்பது பேரிங்குக்குள் உயிர்நாடி.

இது தெரியவந்த கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. 1883இல் லண்டனில் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக போஷாம்ப் டவர் என்பவர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்தார். அச்சின் கீழ்ப்பாதி எண்ணெய்த் தொட்டியில் மூழ்கியிருக்கும். பித்தளை பேரிங் மேலே கவிழ்ந்து சுமையைத் தாங்கும். வழக்கமான எண்ணெய்க் குப்பியைப் பொருத்துவதற்காகப் பித்தளையின் உச்சியில் ஒரு துளை போட்டார். இயந்திரத்தை ஓட்டியதும் எண்ணெய் அந்தத் துளை வழியாக மேலே வந்து வழிந்தது. தக்கை வைத்து அடைத்தார். தக்கை வெளியே வந்துவிட்டது. மர ஆப்பை அடித்தார். அதையும் எண்ணெய் மெல்ல மெல்ல வெளியே தள்ளியது. கடைசியில் அழுத்தமானியை மாட்டினார். பேரிங்கின் மேல் இருந்த சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்குச் சுமார் 100 பவுண்டு. 200 வரை காட்டக்கூடிய அழுத்தமானியின் முள்ளோ எல்லையைத் தாண்டிப் போய்விட்டது.

இதில் என்னை உலுக்கும் விஷயம் ஒன்று உண்டு. சுமை எங்கே அதிகமோ அங்கேதான் எண்ணெய் வேண்டும் என்று எண்ணி, நேர் உச்சியில் துளை போடுவது அக்காலத்து வழக்கம். அழுத்தம் மிகுந்திருக்கும் இடமும் அதுதான். எண்ணெய் விடுவதற்காகப் போட்ட துளை, சுமையைத் தாங்கவேண்டிய எண்ணெயை வெளியே விட்டுக்கொண்டிருந்தது!

மூன்றே ஆண்டுகளில், 1886இல், மான்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். வேகம், எண்ணெயின் பிசுக்கு (அதாவது கெட்டித்தன்மை), ஒடுங்கும் இடைவெளி ஆகிய மூன்றும் சேர்ந்தால் எவ்வளவு அழுத்தம் உருவாகும் என்பதை அந்தச் சமன்பாடு சொல்கிறது. இன்றும் பேரிங் வடிவமைப்பு அதிலிருந்துதான் தொடங்குகிறது.

உங்கள் முதல் கேள்விக்கும் அதிலேயே விடை இருக்கிறது. வேகமும் பிசுக்கும் தோளோடு தோள் நின்று சுமக்கும் இருவர். ஒருவர் பலசாலியானால் மற்றவர் மெலிந்திருக்கலாம். ஸ்பிண்டிலில் வேகம் மிக அதிகம், சுமையோ குறைவு. நீர்த்த எண்ணெயே போதிய படலத்தைக் கட்டிவிடும். கெட்டியான எண்ணெயை ஊற்றினால் அந்தப் பிசுக்கைக் கிழித்துக்கொண்டு சுற்றுவதற்கே மின்சாரம் செலவாகும். அது முழுவதும் சூடாக மாறும். ஒரு நூற்பு இயந்திரத்தில் (ஃபிரேமில்) எத்தனை ஸ்பிண்டில்கள் என்று எண்ணிப் பாருங்கள். அருள்கூர்ந்து அந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

மாட்டுவண்டி இதற்கு நேர்மாறு. பாரம் அதிகம், வேகம் கிடையாது. படலம் உருவாகவே வழியில்லை. அதனால்தான் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை போட்டார்கள். விளக்கெண்ணெயின் மூலக்கூறு ஒரு முனையால் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் தன்மை உடையது. மிதக்கவைக்க முடியாத இடத்தில் அந்த ஒட்டுதலே காவல். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே உராய்வு எப்படி இறங்கி ஏறுகிறது என்பதை ஜெர்மனியப் பொறியாளர் ஸ்ட்ரிபெக் 1902இல் வளைகோடாக வரைந்து காட்டினார்.

ஃபிட்டர் சொன்னதற்குச் சாட்சி வேண்டுமா? பல ஆண்டுகள் ஓடிய ஒரு டீசல் இன்ஜினைப் பிரித்தபோது, மெயின் பேரிங்கின் கீழ்ப்பாதி வளைதகட்டை (ஷெல்லை) வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். ஓரங்களில், புதிதாகக் கடைந்தபோது விழுந்த மெல்லிய கோடுகள் அழியாமல் இருந்தன. நடு அடியில் மட்டும், இன்ஜின் நிற்கும்போது தண்டு உட்காரும் இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பளபளப்பு. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்தபோதும் படலம் உருவாகும்வரை உலோகம் தேய்த்த தடம் அது. அனல் மின் நிலையங்களில் பெரிய டர்பைன்களைச் சுழற்றுவதற்கு முன்பே உயர் அழுத்த எண்ணெயைப் பம்ப் செய்து தண்டைத் தூக்கிவிடுவது இந்தத் தேய்மானத்தைத் தவிர்க்கத்தான்.

ஸ்பிண்டிலின் மேல்பக்க பேரிங், தண்டு சிறு உருளைகளுக்கு நடுவே சுழலும் உருளை வகை. சுமை ஏறிய உருளை பேரிங்குகளில் படலம் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவாக இருக்கலாம். தலைமுடியின் பருமனோ சுமார் 70 மைக்ரான். அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 10,000 மடங்கைத் தாண்டும்போது, அந்த நொடிக்கும் குறைவான நேரத்துக்கு எண்ணெய் கிட்டத்தட்டத் திடப்பொருளாக இறுகி, உலோகத்தையே சற்று வளைத்துவிட்டுக் கடந்துபோகிறது.

இவ்வளவு மெல்லிய இடத்துக்குள் எண்ணெயோடு என்னென்ன போகிறது என்பதுதான் என் கவலை. எண்ணெய் கேனை மூடாமல் வைத்தால் பஞ்சுத் தூசியும் மண்ணும் சேரும். அதில் ஒரு துகள் படலத்தைவிடப் பல மடங்கு பெரியது. நாளை ஷிஃப்டுக்குப் போனதும் புனலைத் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். கழற்றிய பழைய பேரிங் ஏதேனும் இருந்தால் ஃபிட்டரிடம் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எந்த இடம் பளபளக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.