மேலே ஐஸ், கீழே சூடு: கேஸ் போடச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

கேள்வி: ஆறு வருட டபுள் டோர் ஃபிரிட்ஜ், ஃப்ராஸ்ட் ஃப்ரீ (பனியைத் தானே கரைத்துக்கொள்ளும் வகை). மேலே ஐஸ் இருக்கிறது. கீழே வைத்த பால் மறுநாளே திரிகிறது. குளிரைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு திருகையும் முழுசாகத் திருப்பியும் பலனில்லை. ஊருக்குப் போகும்போது மூன்று நாள் அணைத்து வைத்தோம். வந்து போட்டதும் பத்து நாள் நன்றாக ஓடி, பிறகு பழைய கதை. கேஸ் (குளிரூட்டும் வாயு) தீர்ந்துவிட்டது, 3,500 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கசிந்த கேஸ் மூன்று நாள் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பி வராது. உங்கள் ஃபிரிட்ஜில் அந்த மூன்று நாளில் நடந்தது, உள்ளே கட்டியிருந்த பனி கரைந்தது.

இந்த வகை ஃபிரிட்ஜில் குளிர் உண்டாவது ஃப்ரீஸரின் பின்பலகைக்குப் பின்னால் உள்ள காயிலில் மட்டும். அங்கிருந்து ஃபேன்தான் குளிர்காற்றைக் கீழே அனுப்புகிறது. காயிலில் படியும் பனியை, கம்ப்ரஸர் எட்டுப் பன்னிரண்டு மணி நேரம் ஓடியதும் டைமர் ஹீட்டரைப் போட்டுக் கரைக்க வேண்டும். டைமர், ஹீட்டர், பைமெட்டல் (குளிர்ந்தால் சேர்ந்து, சூடேறினால் பிரியும் சுவிட்ச்), தெர்மல் ஃப்யூஸ் (சூடு எல்லை மீறினால் அறுந்து கரண்டை நிறுத்துவது) இவற்றில் ஒன்று போனாலும் பனி ஏறி காற்றுவழி அடைபடும்.

முதலில் திருகுகளை நடுவில் வையுங்கள். ஃப்ரீஸருக்குள் இருக்கும் திருகை ஏற்றினால் பல மாடல்களில் கீழே வரும் காற்று குறைந்துவிடும். பிறகு பிளக்கைப் பிடுங்கி, கதவுகளைத் திறந்துவைத்து, தரையில் பழைய துணி போட்டு 24 மணி நேரம் விடுங்கள். கத்தியால் குத்தாதீர்கள்; காயில் ஓட்டையானால் அப்போது நிஜமாகவே கேஸ் போகும். ஃபிரிட்ஜை மறுபடி போட்ட மறுநாள், நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். 3 முதல் 5 டிகிரி காட்டினால் கேஸ் பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து மெக்கானிக்கிடம், "டிஃப்ராஸ்ட் செக் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லுங்கள்; பனி கரைக்கும் இந்த ஏற்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். மீட்டரில் ஹீட்டர் சில நூறு ஓம் காட்ட வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. பைமெட்டலைக் கழற்றி அறைச்சூட்டில் மீட்டர் வைத்து "போச்சு சார்" என்பார்கள். அந்தச் சூட்டில் அது ஓப்பனாகத்தான், அதாவது இணைப்பு விட்டதாகத்தான், காட்டும்; பூஜ்யத்துக்குக் கீழே போனால்தான் சேரும். பாலிதீன் பையில் சுற்றி, உப்பு கலந்த ஐஸில் பத்து நிமிடம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃப்யூஸ் போயிருந்தால் ஒயரை நேராக முறுக்கிவிட்டுப் போக விடாதீர்கள். பைமெட்டல் ஒட்டிக்கொண்டால் பல மாடல்களில் ஹீட்டரை அணைக்க வேறு எதுவுமே இருக்காது, பிளாஸ்டிக் உருகலாம்.

கேஸ் நிஜமாகவே போயிருந்தால் அறிகுறிகள் வேறு. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், ஃப்ரீஸரிலும் ஐஸ் இளகும், பக்கச்சுவர் சூடேறாது. பின்பலகையைக் கழற்றினால் காயிலின் முதல் ஓரிரு வளைவில் மட்டும் பனி, மீதி வெறுமையாக இருக்கும். காயில் முழுக்க வெள்ளைப்போர்வை போல மூடியிருந்தால் டிஃப்ராஸ்ட் கோளாறு. கழற்றியதும் போன் கேமராவில் ஒரு படம் எடுத்துவையுங்கள்.

அப்படியே கேஸ் போட நேர்ந்தாலும் "லீக் எங்கே?" என்று கேளுங்கள். இது சீல் செய்த குழாய். ஓட்டையை அடைக்காமல், ஃபில்டரை மாற்றாமல், வேக்யூம் எடுக்காமல் (குழாயில் உள்ள காற்றை உறிஞ்சாமல்) நிரப்பினால் காசு காற்றோடு போகும். கம்ப்ரஸர் லேபிளில் ஆர்-600ஏ என்றிருந்தால் அது தீப்பிடிக்கும் வாயு. குழாயில் கேஸ் இருக்கும்போதே வீட்டுக்குள் வெல்டிங் டார்ச் பற்றவைப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கூகுளில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்களில் பல எவனோ ஒரு ஏஜென்ட்டுடையவை. வாரண்டி கார்டில் அச்சான எண்ணை மட்டும் நம்புங்கள். அதிலும் 'கம்ப்ரஸர் 10 வருடம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கேஸும் கூலியும் பெரும்பாலும் அதில் சேராது என்பது பொடி எழுத்தில் கிடக்கும். எந்தப் பாகம் மாற்றினார்கள் என்று எழுதிய பில் இல்லாமல் பணம் தராதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போனாலும் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.