கேள்வி-பதில்: கொலாஜன் ஊசிக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: மூக்கோரத்திலிருந்து வாய் வரை இறங்கும் கோடுகளுக்கு கொலாஜன் ஊசி போடலாம் என்று ஒரு அழகு சிகிச்சை கிளினிக்கில் சொல்கிறார்கள். இறக்குமதிச் சரக்காம். மாடா பன்றியா என்று கேட்டால், "மேடம், இது சுத்திகரிச்சது, அலர்ஜியே வராது, டெஸ்ட்டெல்லாம் அந்தக் காலம்" என்கிறார்கள். இந்த வாரமே முன்பணம் கட்டினால் தள்ளுபடியும் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் என் பெரியம்மா 1980களில் இதே ஊசிக்குப் போனவர். கையில் போட்ட சோதனை ஊசி சிவந்து தடித்ததால் டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டாராம். யாரை நம்புவது?

பதில்: பெரியம்மாவை. திருப்பி அனுப்பிய அந்த டாக்டரையும்.

கொலாஜன் என்பது தோலுக்கு உறுதி தரும் புரதம். பெரியம்மாவுக்குப் போட்டது அநேகமாக சைடெர்ம் என்ற கொலாஜன் ஊசியாக இருக்கும். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் இருந்த கொலாஜன் கார்ப்பரேஷன் மாட்டுத் தோலிலிருந்து தயாரித்தது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதற்கு 1981இல் அனுமதி கொடுத்தது. வெளி மாடுகளோடு கலக்காமல் தனியாக வளர்த்த மந்தையின் தோலைத்தான் எடுத்தார்கள். 1985இல் சைப்ளாஸ்ட் வந்தது. அதுவும் மாடுதான், சீக்கிரம் கரைந்து போகாமல் இருக்க குளூட்டரால்டிஹைடு சேர்த்து இழைகளைப் பிணைத்திருந்தார்கள்.

இப்போது அந்தச் 'சுத்திகரிச்ச' கதைக்கு வருவோம். பொய் இல்லை, ஆனால் புதுசும் இல்லை. கொலாஜன் மூலக்கூறு மூன்று புரி முறுக்கிய கயிறு மாதிரி. நடுப்பகுதி மாட்டுக்கும் மனிதனுக்கும் பெரிய வித்தியாசமில்லாமல் இருப்பதால் நம் உடல் அதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. முறுக்கில்லாத இரண்டு நுனிகளைத்தான் நோய் எதிர்ப்பு மண்டலம் 'அந்நியம்' என்று சட்டென்று அடையாளம் காண்கிறது. அதனால் பெப்சின் என்ற நொதியால் அந்த நுனிகளை நறுக்கிவிடுகிறார்கள். பெட்டியில் 'அட்டெலோகொலாஜன்' என்று போட்டிருப்பதற்கு அர்த்தம் இவ்வளவுதான். உங்கள் பெரியம்மா காலத்து சைடெர்மும் இப்படி நுனி நறுக்கிய சரக்குதான்! அப்படியும் சோதனை ஊசி போட்டவர்களில் 100க்கு சுமார் 3 பேருக்குக் கை சிவந்தது. பெரியம்மா அந்த மூவரில் ஒருவர்.

சோதனை என்பது பெரிய வேலை இல்லை. முன்கையின் உட்புறத்தில் 0.1 மில்லி, தோலுக்குள். இரண்டு மூன்று நாளில் ஒரு முறை பார்ப்பார்கள். அப்புறம் நான்கு வாரம் முடிந்ததும் இன்னொரு முறை. சிவப்பு, தடிப்பு, அரிப்பு, தொட்டால் வலி என்று எதாவது வந்து தங்கினால் கதை அங்கேயே முடிந்தது. பெரும்பாலானவர்களுக்கு மூன்று நாளிலேயே தெரிந்துவிடும். மிச்சப் பேருக்காகத்தான் அந்த நான்கு வாரம். காலையில் டெஸ்ட், மாலையில் முகம் என்று சொல்கிற இடத்தில் நடப்பது சோதனையே இல்லை, சடங்கு.

ஒரு சோதனையில் தேறியவர்களிலும் 100க்கு ஒன்றிரண்டு பேருக்கு முகத்தில் போட்ட பிறகு ஒவ்வாமை வந்திருக்கிறது. முதல் ஊசியே உடலுக்குப் பாடம் நடத்திவிடுகிறது, அடுத்த ஊசிக்கு அது தயாராக இருக்கிறது. அதனால்தான் கவனமான டாக்டர்கள் இரண்டாவது சோதனையும் போட்டுப் பார்த்தார்கள். அப்படிச் செய்தபோது ஆபத்து 100க்கு அரைக்கும் கீழே இறங்கியது. என்னைக் கேட்டால், மாட்டு கொலாஜன் என்றால் இரண்டு சோதனை இல்லாமல் முகத்தைக் காட்டாதீர்கள். கையில் தடிப்பு வந்தால் முழுக்கைச் சட்டை போட்டு மறைக்கலாம். கன்னத்தை என்ன செய்வது?

"டெஸ்ட்டெல்லாம் அந்தக் காலம்" என்பதில் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2003இல் மனித செல்களிலிருந்து வளர்த்த காஸ்மோடெர்ம் வந்தது, சோதனை தேவைப்படவில்லை. பன்றியிலிருந்து எடுத்த எவோலென்ஸுக்கு 2008இல் எஃப்டிஏ அனுமதி கிடைத்தது. அதற்கும் சோதனை கேட்கவில்லை, மறு வருடமே விற்பனையை நிறுத்திவிட்டார்கள். சுருக்கத்தை நிரப்பும் ஹயலுரானிக் அமில ஊசிகள் (ஃபில்லர்கள்) வந்து சந்தையைப் பிடித்ததும் 2010 வாக்கில் சைடெர்ம் குடும்பமே அமெரிக்காவில் கடையைக் கட்டியது. ஆனால் கிழக்காசியாவில் மாட்டு, பன்றி கொலாஜன் ஊசிகள் இன்றும் தயாராகின்றன. ஆக, சோதனை வேண்டுமா என்பது பொருளுக்குப் பொருள் மாறும். அதைச் சொல்ல வேண்டியது வரவேற்பில் இருக்கும் பெண் அல்ல, பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். காட்ட மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தள்ளுபடி விஷயம்: இந்த வாரம் முடியும் சலுகையும் நான்கு வாரக் காத்திருப்பும் ஒன்றாகப் போகாது. அதே விலையை இரண்டு மாதம் வைத்திருப்பதாகவும், சோதனையில் தேறாவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்றும் எழுதிக் கொடுத்தால் கட்டலாம். சோதனைக்கு மட்டும் தனியாகப் பணம் கொடுப்பது இன்னும் நல்லது.

கேள்வி: சின்ன வயதிலிருந்து மாட்டிறைச்சி சாப்பிடுகிறேன், ஒன்றும் ஆனதில்லை. எனக்கும் சோதனை வேண்டுமா?

பதில்: வேண்டும். வயிற்றுக்குள் போவது செரித்துத் துண்டு துண்டாகிவிடும். தோலுக்குள் போட்டது முழுசாக மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். இரண்டும் வேறு. உண்மையில், முதல் சோதனையிலேயே மூன்று நாளில் சிவப்பவர்களின் உடல் மாட்டு கொலாஜனை ஏற்கெனவே சந்தித்திருக்கிறது என்று அர்த்தம். அது சாப்பாடு வழியாக இருக்கலாம் என்றுதான் மருத்துவர்கள் ஊகிக்கிறார்கள். மாட்டிறைச்சி ஒவ்வாமை இருந்தாலோ, எதற்காவது மூச்சுத் திணறி மயங்கும் அளவு ஒவ்வாமை வந்திருந்தாலோ சோதனைகூட வேண்டாம், விட்டுவிடுங்கள். பல கொலாஜன் ஊசிகளில் மரத்துப்போவதற்கு லிடோகெய்ன் கலந்திருக்கும். பல் பிடுங்கப் போய் மரப்பு ஊசி ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் சொல்ல வேண்டும். முடக்குவாதம், லூபஸ் போல நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் நோய் இருப்பவர்கள் முதலில் தங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். 'கொலாஜன் பூஸ்டர்' ஊசியில் மாடு, பன்றி எதாவது இருக்குமா?

பதில்: அந்தப் பெயரில் விற்பவற்றில் பல, கொலாஜனே இல்லாதவை. ஸ்கல்ப்ட்ராவில் இருப்பது பாலி லாக்டிக் அமிலம், ரேடியஸ்ஸில் கால்சியம் சேர்மம். நம் தோலையே கொலாஜன் உற்பத்தி செய்யத் தூண்டுவது அவற்றின் வேலை. கட்டி கட்டியாக உருண்டு நிற்கும் தொல்லை அவற்றிலும் உண்டு, அது தனிக் கதை. பெல்லாஃபில் என்று சொன்னால் மட்டும் உஷார்: அதில் நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளும் 3.5 சதவீத மாட்டு கொலாஜனும் இருக்கின்றன. கொலாஜன் சில மாதத்தில் போய்விடும், மணிகள் போகாது.

கேள்வி: கொலாஜன் போட்டு ஐந்து வாரம். ஊசி போட்ட இடமெல்லாம் சிவந்து, கல் மாதிரி, ஒரே அரிப்பு. கிளினிக்கில் 'கரைக்கும் ஊசி' போடலாம் என்கிறார்கள், அதற்கும் தனி கட்டணமாம்.

பதில்: கட்ட வேண்டாம். அந்தக் கரைக்கும் ஊசி ஹயலுரானிடேஸ். ஹயலுரானிக் அமில ஃபில்லரைக் கரைக்கும், கொலாஜனைத் தொடாது. அவர்கள் அதைப் போட வருகிறார்கள் என்றால், உங்களுக்கு உள்ளே போட்டது என்ன என்பதே சந்தேகமாகிவிடுகிறது.

கண்ணாடி முன் நின்று முன்கையையும் பாருங்கள். சோதனை ஊசி போட்ட இடமும் இப்போது சேர்ந்து சிவந்திருந்தால் இது கொலாஜனுக்கு வந்த ஒவ்வாமைதான் என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம். கையில் சோதனையே போடவில்லை என்றால், அதுவே உங்கள் முதல் புகார். இந்த வீக்கம் உள்ளே இருக்கும் கொலாஜன் கரையக் கரையத்தான் அடங்கும்; பொதுவாக நாலு முதல் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல். பெரும்பாலும் தழும்பு விடாது. தோல் மருத்துவர் ஸ்டீராய்டு களிம்போ ஊசியோ கொடுத்து அடக்குவார். "இன்னொரு டோஸ் போட்டால் சமமாகிவிடும்" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். (ஊசி போட்ட கையோடு தோல் வெளுத்தோ கருநீலமாகவோ மாறினால், பார்வை மங்கினால், அது ஒவ்வாமை அல்ல, ரத்தக் குழாய் அடைப்பு. அதற்குக் காத்திருக்கவே கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.)

பணத்துக்கு வருவோம். சிரிஞ்ச் பெட்டியில் பேட்ச் எண்ணோடு உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் பெரும்பாலும் இருக்கும். ஒன்று உங்கள் கோப்பில் ஒட்டியிருக்க வேண்டும். அதன் நகல், நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் தாள், பில் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். முகத்தைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதியுங்கள். கிளினிக் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஸ்டிக்கர் இல்லை, பெட்டி குப்பைக்குப் போய்விட்டது என்று அவர்கள் சொன்னால், அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.