நடந்த கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது, உயரம் 158 செ.மீ., எடை 72 கிலோ. வங்கியில் உட்கார்ந்தே பார்க்கும் வேலை. எடையைக் குறைப்பதற்காக இரண்டு மாதங்களாக ஒரு செயலியில் உணவுக் கணக்கு எழுதிவருகிறேன். அதில் ‘ஓரளவு நடமாட்டம் உள்ளவர்’ என்று குறித்தேன். நாளொன்றுக்கு 1400 கலோரி என்று வரம்பு கொடுத்தது. தினமும் காலையில் கணவருடன் அண்ணா நகர் டவர் பூங்காவில் 50 நிமிடம் நடக்கிறேன். ஸ்மார்ட் வாட்ச் அதற்கு 380 கலோரி காட்டுகிறது. செயலி அதையும் வரம்போடு கூட்டி, 1780 வரை சாப்பிடலாம் என்கிறது. நானும் அப்படியே சாப்பிடுகிறேன். எடை சிறிதும் இறங்கவில்லை. ஜிம்மில் டிரெயினராக இருக்கும் என் தம்பி, ‘ஒரு கலோரிகூடத் திரும்பச் சாப்பிடாதே அக்கா’ என்கிறான். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் என் கணவரோ, ‘உழைத்த உடம்புக்குச் சோறு போடாவிட்டால் மயக்கம்தான் வரும்’ என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, அண்ணா நகர், சென்னை

பதில்: உங்களைப் பொறுத்தவரை தம்பி சொல்வதுதான் பொருந்தும். ஆனால் அதை எல்லோருக்குமான விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் எடை நகராததற்கான காரணத்தைப் பார்த்துவிடுவோம், ஏனெனில் அது நீங்கள் எழுதிய எண்களுக்குள்ளேயே இருக்கிறது.

ஒருவர் எந்த வேலையும் செய்யாமல் படுத்திருந்தாலும் உடல் இயங்குவதற்கு எவ்வளவு கலோரி தேவைப்படும் என்பதைக் கணிக்க, 1990இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் வயது, உயரம், எடை ஆகியவற்றை அதில் இட்டால் ஏறத்தாழ 1340 கலோரி வருகிறது. உட்கார்ந்த வேலை மட்டும் செய்பவர் என்றால் இதை 1.2ஆல் பெருக்குவார்கள், ஓரளவு நடமாட்டம் உள்ளவர் என்றால் 1.375ஆல். முதல் கணக்கில் நாளொன்றுக்கு 1610, இரண்டாவதில் 1845 கலோரி உங்கள் செலவு. செயலி உங்களுக்குக் கொடுத்த 1400, இந்த 1845இலிருந்து நானூற்றைம்பது அளவுக்குக் கழித்துக் கிடைத்த எண்ணாகவே தெரிகிறது. நாள் முழுதும் உட்கார்ந்து வேலை பார்க்கும் உங்களுக்கு ‘ஓரளவு நடமாட்டம்’ என்பது காலை நடையைத் தவிர வேறில்லை. ஆகவே நடை அந்த 1400க்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. அதன்மேல் 380ஐயும் கூட்டுவது, நீங்கள் நன்கறிந்த மொழியில் சொன்னால், ஒரே சலானை இரண்டு முறை வரவு வைப்பது போன்றது.

அடுத்து, அந்த 380 என்ற எண்ணே நம்பத்தக்கதல்ல. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும்போது, ஓய்வாக இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றரை மடங்கு ஆற்றல் செலவாகிறது. 72 கிலோ எடையுள்ளவர் 50 நிமிடம் நடந்தால் இது 210 கலோரி அளவில் வரும். அதிலும், அந்த 50 நிமிடமும் நாற்காலியில் இருந்திருந்தாலே செலவாகியிருக்கக்கூடிய அறுபதைக் கழித்துவிட்டால், நடையால் மட்டும் கிடைத்தது 150தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஏழு வகைக் கைக்கருவிகளைச் சோதித்தபோது, நாடித்துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகவே கணித்தன. கலோரிக் கணக்கிலோ, இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 விழுக்காடு பிசகியது, மோசமானது 93 விழுக்காடு. சென்னைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இப்படிப்பட்ட பல கருவிகள் நாடித்துடிப்பை வைத்தே கலோரியை ஊகிக்கின்றன. மே மாதப் புழுக்கத்தில் அதே வேகத்தில் நடந்தாலும் உடலைக் குளிர்விப்பதற்காக இதயம் வேகமாகத் துடிக்கும், அதைக் கருவி கூடுதல் உழைப்பு என்று எடுத்துக்கொள்ளும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். உட்கார்ந்த வாழ்க்கைக்கான 1610உடன் நடையின் 150ஐச் சேர்த்தால் உங்கள் உண்மையான செலவு 1760 அளவில் நிற்கிறது. நீங்கள் சாப்பிடுவது 1780. எடை இறங்காததில் வியப்பில்லை. உங்கள் உடலில் குறையும் இல்லை.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உள்ளன. செயலியில் இப்போதுள்ள குறிப்பை அப்படியே விட்டுவிட்டு, கைக்கடிகாரத்தோடு அது கொண்டுள்ள இணைப்பைத் துண்டித்து, 1400இலேயே நிற்பது ஒன்று. ‘உட்கார்ந்த வேலை’ என்று மாற்றிக் குறித்து, வரம்பை 1200 அளவில் வைத்து, கடிகாரம் காட்டுவதில் பாதியை மட்டும் சேர்த்துக்கொள்வது மற்றொன்று. 1200உடன் 190 சேர்ந்தால் அதுவும் 1400ஐ ஒட்டியே வருகிறது. நான் முதல் வழியையே பரிந்துரைப்பேன். இரண்டாவதில் அன்றாடம் உணவுக்கும் உடற்பயிற்சிக்கும் பேரம் பேசுகிற மனநிலை உருவாகிவிடுகிறது. ‘இன்று நடந்துவிட்டேன், வடைக்கு உரிமை உண்டு’ என்று தோன்றத் தொடங்கினால், ஒரு தட்டு பொங்கலும் ஒரு வடையும் காலை நடையை இரண்டு முறைக்கு மேல் விழுங்கிவிடும்.

நடந்து வந்த களைப்பில் மீதி நாளில் நம்மையறியாமல் அசைவைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. மாடிப்படிக்குப் பதில் லிஃப்ட், தெருமுனைக்கும் ஆட்டோ என்று போனால் அந்த 150இலும் ஒரு பகுதி கரைந்துபோகும். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களை ஆராய்ந்து ஹெர்மன் பான்ட்சரும் அவருடைய குழுவினரும் 2012இல் வெளியிட்ட கட்டுரை, உடல் அளவைக் கணக்கில் கொண்டால் அவர்களுடைய அன்றாட ஆற்றல் செலவு மேலைநாட்டு நகரவாசிகளுடையதைவிட அதிகமில்லை என்று காட்டியது. நடப்பதால் பயனில்லை என்று இதற்குப் பொருளில்லை; இரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம் ஆகியவற்றுக்கு நடை மிக நல்லது. எடைக் கணக்கில் அதன்மேல் அளவுக்கு மீறிய பாரத்தை ஏற்றக் கூடாது, அவ்வளவே.

கணவரின் கவலையையும் ஒதுக்கிவிட முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம் சைக்கிள் ஓட்டுபவருக்கும், ஜனவரி மாரத்தானுக்காக வாரந்தோறும் நீண்ட தூரம் ஓடுபவருக்கும் ஒரே காலையில் ஆயிரம் கலோரிக்கு மேல் செலவாகக்கூடும். அவர்கள் அதில் பாதியையாவது திரும்பச் சாப்பிட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் தசை கரையும். பெண்களுக்கு மாதவிடாய் தப்பும். பாலூட்டும் தாய்மாருக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் தம்பியின் விதி பொருந்தவே பொருந்தாது. உங்களுக்கும் 1400இல் உண்மையாகவே பசி எடுத்தால் ஒரு முட்டையோ, ஒரு கிண்ணம் சுண்டலோ, மோரோ சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ஈடாகத் தாளிக்கிற எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது, உணவுக் கணக்கு எழுதுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான்.

நான்கு வாரம் இப்படி இருந்து, வாரச் சராசரி எடையை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். நடந்து வந்தவுடன் எடை பார்க்க வேண்டாம், அப்போது குறைந்திருப்பது வியர்வை. மாதவிடாயை ஒட்டிய நாட்களில் நீர் தங்கி எடை கூடுவதும் இயல்பு. கணக்குப்படி நாளொன்றுக்கு 360 கலோரி குறைகிறது. ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கலோரி என்று கொண்டால் மூன்று வாரத்துக்கு ஒரு கிலோ என்றாகிறது. நடைமுறையில் மாதம் ஒரு கிலோ இறங்கினாலே கணக்கு சரியாகப் போகிறது என்று கொள்ளலாம். அதுவும் இறங்காவிட்டால், நூறு கலோரியைக் குறைப்பதற்கு முன் தைராய்டு பரிசோதனை ஒன்றைச் செய்துகொள்ளுங்கள்.

உங்கள் கணவர் மட்டும் இந்தக் கணக்கைப் பின்பற்ற வேண்டாம். கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு, சாப்பிடாமல் நடந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். நடைக்கு முன் என்ன சாப்பிடுவது, மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டுமா என்பதை அவர் தம் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அதுவரை பூங்காவுக்குப் போகும்போது அவர் சட்டைப்பையில் நாலு குளுக்கோஸ் மாத்திரை இருக்கட்டும்.