ஏறும்போது ஒன்றும் ஆவதில்லை, இறங்கும்போது மட்டும் கரண்டைக்கால் பிசகுவது ஏன்?

ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் உங்கள் அம்மாவுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். கால் மடங்குவதெல்லாம் இறக்கத்தில்தான், வீங்குவதும் ஒவ்வொரு முறையும் வெளிப்பக்கம்தான் என்கிறீர்கள். நான் கம்பத்தில் பிசியோதெரபி பார்க்கிறேன். விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கிக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பும் அக்காமார் கொண்டுவரும் கால்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

பாதி விடை ஓர் எலும்பின் வடிவத்தில் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் டிபியா, வெளிப்பக்கம் ஃபிபுலா என்ற இரண்டு எலும்புகளும் கீழே வந்து, இரு பக்கமும் கரண்டை முட்டியாகப் புடைத்து, நடுவில் ஒரு பள்ளம் விடுகின்றன. அதற்குள் உட்காருவது டேலஸ். ஒரு தசைகூட வந்து ஒட்டாத எலும்பு அது. அக்கம்பக்கத்து எலும்புகளும் லிகமெண்ட் என்னும் நார்களும்தான் பிடித்து வைத்திருக்கின்றன. டேலஸின் மேற்பகுதி முன்னால் அகலம், பின்னால் ஒடுக்கம். ஏற்றத்தில் பாதம் மேல்நோக்கி மடங்கும்போது அகலமான பகுதி பள்ளத்துக்குள் ஆப்பு மாதிரி இறுகிவிடும். ஏலச்செடியின் தூரில் குத்தவைத்துக் காய் எடுக்கும்போதும் அப்படியே. அந்த நிலையில் முழங்கால் வலிக்கலாம், கரண்டை அவ்வளவு லேசில் பிசகாது.

இறக்கத்தில் முன்பாதம் கீழே தரையைத் தேடிப் போகும். இப்போது பள்ளத்துக்குள் இருப்பது டேலஸின் ஒடுக்கமான பின்பகுதி. மூட்டில் கொஞ்சம் ஆட்டம் வந்துவிடும். அந்த நேரம் பார்த்து, சருகுக்கடியில் ஒரு கல் உருண்டால் போச்சு.

சரி, ஏன் வெளிப்பக்கம்? கரண்டை மூட்டின் முக்கிய வேலை பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, மேலே சுமார் 20 டிகிரி, கீழே சுமார் 50. பாதத்தை உள்ளும் வெளியும் சாய்ப்பது பெரும்பாலும் அதற்குக் கீழே, டேலஸுக்கும் குதிங்கால் எலும்புக்கும் நடுவில் உள்ள சப்டேலார் மூட்டு. பாதம் உள்நோக்கித் திரும்பும் அளவுக்கு வெளிநோக்கித் திரும்பாது. வெளிப்பக்க முட்டி உள்பக்க முட்டியைவிடக் கீழே இறங்கி நின்று தடுக்கிறது (தொட்டுப் பாருங்கள், தெரியும்). உள்பக்கத்தில் டெல்டாய்டு என்ற விசிறி போன்ற தடித்த லிகமெண்டும் உண்டு. வெளிப்பக்கத்தில் இருப்பதோ மூன்று தனித்தனி நார்கள். அவற்றில் ஃபிபுலாவிலிருந்து முன்னோக்கி டேலஸுக்குப் போவதுதான் மூன்றிலும் பலவீனம். பாதம் கீழ்நோக்கி இருக்கும்போது விறைத்து நிற்பதும் அதுதான், முதலில் கிழிவதும் அதுதான். வெளிமுட்டிக்குச் சற்று முன்னால் வீங்குவது அதனால். இன்னும் பலமாக மடங்கினால் குதிங்கால் எலும்புக்குப் போகும் நாரும் சேரும். பின்னால் உள்ள மூன்றாவது நார் தப்பித்துவிடும், அது கெட்டி.

சரிவில் குறுக்காக நடப்பது இன்னும் மோசம். பள்ளத்துப் பக்கத்துக் கால் ஏற்கெனவே உள்நோக்கித்தான் சாய்ந்திருக்கும். கம்பூட்ஸ் (ரப்பர் பூட்ஸ்) அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்க நல்லது, ஆனால் தொளதொளவென்று இருந்தால் கரண்டையைப் பிடிக்காது.

மடங்கியவுடன் எண்ணெய் போட்டு அழுத்தி நீவிச் சுளுக்கு எடுப்பவரிடம் அழைத்துப் போகாதீர்கள். ஊரில் பலருக்கு இது பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். கிழிந்த நாரை நீவினால் வீக்கம்தான் கூடும். முதலில் எலும்பைப் பார்க்க வேண்டும். கனடாவின் ஒட்டாவாவில் 1992-இல் வகுத்த எளிய விதிகள் உண்டு: கரண்டை முட்டிகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ எலும்பை அழுத்தினால் வலித்தாலும், அடிபட்டவுடனும் பிறகும் நாலு அடி வைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சுண்டுவிரலுக்கு நேராகப் பாதத்தின் நடுவில் வெளியே துருத்தும் எலும்பையும், உள்பக்கம் வளைவின் உச்சியில் உள்ள எலும்பையும் அழுத்திப் பார்க்கணும்.

எலும்பு சரி என்றால் கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வைத்து, வலி பொறுக்கும் அளவுக்குச் சீக்கிரமே நடக்கவிடலாம். அப்புறம்தான் பலரும் கோட்டை விடுவது. லிகமெண்டுக்குள் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவையும் அடிபட்டிருக்கும். வலி போனதும் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டால் அதே கால் மறுபடி மடங்கும். அம்மாவைச் சுவரோரம் ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லுங்கள், பழகியதும் கண்ணை மூடிக்கொண்டு. காலின் வெளிப்பக்கமாக இறங்கும் பெரோனியல் தசைகளுக்கு, பாதத்தை ஒரு துணியால் பிடித்துக்கொண்டு வெளிநோக்கித் தள்ளும் பயிற்சியும் வேண்டும். சில வாரங்களாவது விடாமல் செய்யட்டும். அதுவரை வேலைக்குப் போகும்போது கரண்டையைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு பிரேஸ் போட்டுக்கொள்வது நல்லது.