ஆறு பக்கத்தில்தான் இருக்கிறது, வழி இருக்கிறதா?

கேள்வி: நகரத்துக்கு வெளியே புதிதாக எழும்பிய குடியிருப்பில் வசிக்கிறோம். நான், கணவர், 4 வயது மகள், மாமியார் என நான்கு பேர். நகர மையத்தை ஒட்டிய பழைய பகுதியில், 1910 வாக்கில் கட்டிய ஒரு வீடு விலைக்கு வருகிறது. கணவரின் அலுவலகம் நடந்து போகும் தூரம். ஆற்றங்கரைப் பூங்கா, சைக்கிள் பாதை, படகுத்துறை எல்லாமே நடந்து போகும் தூரம். அவருக்குப் பார்த்த அன்றே பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் பயமாகவும் இருக்கிறது. பழைய வீடு ஓயாமல் செலவு வைக்கும் என்கிறார்கள். பாரம்பரியப் பகுதி என்பதால் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும் என்கிறார்கள். வாங்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: "நடந்து போகும் தூரம்" என்று இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். அதில் யாராவது ஒரு முறையாவது நடந்து பார்த்தீர்களா என்பதுதான் என் முதல் கேள்வி.

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் நானும் இப்படி ஒரு பழைய பகுதியில் 4 வருடம் குடியிருந்தேன். மாடியில் நின்றால் தண்ணீர் பளபளப்பது தெரியும். நேர்க்கோட்டில் அளந்தால் 400 மீட்டர்கூட இருக்காது. ஆனால் நடுவில் ஆறு வழிச் சாலை ஒன்று குறுக்கே கிடந்தது. கடைசிவரை எங்களுக்கு வாய்த்த ஆறு அதுதான்! கடக்க வேண்டுமென்றால் ஒரு கிலோமீட்டர் சுற்றிப்போய், நடைமேம்பாலத்தில் ஏறி இறங்க வேண்டும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு முறை ஏறினேன். மூன்றாவது முறை சுவரில் மாட்டினேன், காலி செய்யும்போதுதான் இறக்கினேன். நண்பர்கள் வந்தால் மட்டும் மாடிக்குக் கூட்டிப்போய் "ஆறு பார்த்தீர்களா" என்று காட்டுவோம்.

பழைய நகரங்கள் பலவற்றில் இந்தக் கோளாறு உண்டு. சரக்கு வந்து இறங்கிய இடம் ஆற்றங்கரை என்பதால் கிடங்கும் தொழிற்சாலையும் ரயில் தண்டவாளமும் அங்கேதான் வந்தன. பிறகு கார் காலம் வந்தபோது அகலச் சாலைக்குத் தோதான இடமாக அதே கரைதான் கண்ணில் பட்டது. மக்கள் ஒரு பக்கம், தண்ணீர் மறுபக்கம் என்று ஆகிவிட்டது. சில ஊர்கள் இதைத் திருத்தியிருக்கின்றன. சியோலில் மேம்பாலச் சாலையை இடித்துவிட்டு, அடியில் மூடிக்கிடந்த சோங்கேசோன் ஓடையை 2005இல் மீண்டும் திறந்தார்கள். பாரிஸில் செய்ன் ஆற்றின் வலக்கரைச் சாலையில் ஒரு பகுதியைக் கார்களிடமிருந்து பிடுங்கி, 2016இல் நடப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். உங்கள் ஊர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது வீட்டு விளம்பரத்தைப் பார்த்தால் தெரியாது, நடந்தால்தான் தெரியும்.

அதனால் வார நாளில் ஒரு மாலை, எல்லோரும் களைத்திருக்கும் நேரமாகப் பார்த்து, மகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டு வாசலிலிருந்து ஆற்றங்கரைக்கு நடந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வேண்டாம், அன்றைக்கு எந்த ஊரும் அழகாகத்தான் இருக்கும். சாலையைக் கடக்க சிக்னல் இருக்கிறதா, பச்சை விளக்கு எரியும் நேரத்துக்குள் மாமியாரால் கடந்துவிட முடிகிறதா, வழியில் உட்கார பெஞ்ச் இருக்கிறதா, இருட்டிய பிறகு பாதையில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கிறதா என்று கவனியுங்கள். கழிப்பறையையும் பாருங்கள். 4 வயதுக் குழந்தையோடு போகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை.

சைக்கிள் பாதையைப் பற்றியும் விசாரியுங்கள். அது பழைய ரயில் தடத்தின் மேல் போட்டதாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் அந்தத் தடங்கள் பெரும்பாலும் மென்மையான சரிவிலேயே போகும். மகள் சைக்கிள் பழக, மாமியார் மூச்சு வாங்காமல் நடக்க, அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அப்புறம், சைக்கிளை வீட்டில் எங்கே நிறுத்தப் போகிறீர்கள்? அந்தக் காலத்து வீடுகளுக்கு வாசலிலேயே நாலைந்து படி இருக்கும், நடைவழியும் குறுகலாக இருக்கும். தினமும் வெளியே எடுக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடித்தால் அந்த சைக்கிளும் என்னுடையதைப் போல சுவரேறிவிடும். உங்கள் கணவரிடம் இதை மட்டுமாவது வாசித்துக் காட்டுங்கள்.

நகர்ப்புற மரங்களை ஆராயும் செசில் கொனைனென்டைக் 2021இல் ஒரு எளிய கணக்கை முன்வைத்தார். வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரமாவது தெரிய வேண்டும், அந்தப் பகுதியில் 30 விழுக்காடு மர நிழல் இருக்க வேண்டும், நல்ல பசுமையான இடம் 300 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அது. பழைய பகுதிகளின் தனிச்சொத்தே இந்த மரங்கள்தான். புதுக் குடியிருப்பில் நட்ட கன்று அந்த அளவுக்கு வளர்வதற்குள் உங்கள் மகள் கல்லூரி முடித்திருப்பாள். தூரத்திலிருக்கும் பெரிய பூங்காவைவிடத் தெருமுனையில் இருக்கும் சின்னச் சதுக்கம்தான் தினசரி வாழ்க்கைக்கு உதவும் என்பது என் கட்சி. அமெரிக்காவில் 1733இல் உருவான சவானா நகரில் தெருக்களுக்கு நடுவே சின்னச் சின்ன சதுக்கங்களாக 24 அமைத்தார்கள், அதில் 22 இன்றைக்கும் இருக்கின்றன. அங்கே பூங்காவுக்குப் "போக" வேண்டியதில்லை, எங்கே போனாலும் வழியில் ஒன்று வரும்.

ஆற்றைப் பற்றி இன்னும் ஒன்று. கரையோரம் ஏன் வீடு கட்டாமல் பூங்காவாக விட்டிருக்கிறார்கள் என்று யோசித்தீர்களா? பல ஊர்களில் வெள்ளம் வந்தால் தண்ணீர் பரவ இடம் வேண்டும் என்பதுதான் காரணம். பூங்கா மூழ்கினால் பரவாயில்லை, வீடு மூழ்கக் கூடாது. உங்கள் தெரு எவ்வளவு மேடு என்று வெள்ள அபாய வரைபடத்தில் பாருங்கள், தரைக்கு அடியில் நிலவறை இருந்தால் அதன் சுவரில் பழைய தண்ணீர்க் கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுங்கள். வரைபடத்தில் இல்லாததும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

சரி, வீட்டுக்கு வருவோம். செலவு வைக்கும் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பழைய வீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் வயதில்லை, தப்பான ரிப்பேர். நூறு வருடத்துக்கு முந்தைய செங்கல் சுவர்கள் பலவும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. அந்தச் சாந்து செங்கல்லைவிட மிருதுவானது. சுவருக்குள் போன ஈரம் அதன் வழியாகவே வெளியேறிக் காய்ந்துவிடும். பின்னால் வந்த யாரோ "பலமாக இருக்கட்டும்" என்று சிமென்ட்டைப் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். சாந்து உதிர வேண்டிய இடத்தில் செங்கல் முகமே பொரிந்து உதிரும், உள்சுவரில் ஓதம் ஏறும். நான் இருந்த வீட்டில் இதுதான் நடந்தது. வீட்டுக்காரர் ஓதத்தை மறைக்க மேலே ஒரு பூச்சு, அதை மறைக்க பெயின்ட் என்று அடுக்கிக்கொண்டே போனார். அதனால் வீட்டைச் சோதிக்க வருபவரிடம் "சுண்ணாம்புச் சுவரில் வேலை செய்திருக்கிறீர்களா" என்று முதலில் கேளுங்கள். முழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

மகளுக்கு 4 வயது என்பதால் பெயின்ட் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். பழைய பெயின்ட்டில் ஈயம் கலந்திருப்பது சாதாரணம். அமெரிக்காவிலேயே வீடுகளுக்கான ஈயப் பெயின்ட்டை 1978இல்தான் தடை செய்தார்கள். உரியாமல் இருக்கும்வரை அபாயம் குறைவு. சுரண்டினாலோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலோ தூசியாகப் பறந்து குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போய்விடும். சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு அது. குடிபோவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். முக்கியமாக ஜன்னல்களை, ஏனென்றால் திறந்து மூடும்போதெல்லாம் அவை உரசுகின்றன. தண்ணீர்க் குழாய் ஈயமா என்பதையும், தோட்டத்து மண்ணையும் சோதியுங்கள். பக்கத்தில் தொழிற்சாலை இருந்த இடமென்றால் கீரை போட ஆசைப்படுமுன் தொட்டியில் புது மண் கொட்டுவது நல்லது.

வயரிங் பழையதா, எர்த் இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லிவிடுவார். கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நான் மேலே புகழ்ந்த அதே மரங்களின் வேர்கள் பழைய மண்குழாய் இணைப்புகளுக்குள் புகுந்திருக்கலாம்! காப்பீட்டு நிறுவனத்திடமும் முன்கூட்டியே பேசுங்கள்.

ஆணி அடிக்க அனுமதி என்பது மிகைப்பேச்சு. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரம் 1931இல் ஒரு பகுதி முழுவதையும் காக்கச் சட்டம் போட்டது முதல் இன்றுவரை, இத்தகைய விதிகளின் கண் பெரும்பாலும் தெருவிலிருந்து தெரியும் தோற்றத்தின் மேல்தான். கூரை, முகப்பு, ஜன்னல், கதவு, இடிப்பது, கூடுதலாகக் கட்டுவது இவற்றுக்குக் கேட்க வேண்டியிருக்கும். சமையலறையை மாற்றுவதில் பெரும்பாலான இடங்களில் தலையிட மாட்டார்கள். ஆனால் கட்டடமே தனியாகப் பட்டியலிடப்பட்டிருந்தால் கதை வேறு, உள்ளே இருக்கும் மாடிப்படிக்கும் கட்டுப்பாடு வரலாம். உங்கள் வீடு எந்த வகை என்று உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், விற்பவர் வாய்வார்த்தை போதாது. முந்தைய உரிமையாளர் அனுமதியில்லாமல் மாற்றிய ஜன்னல் இருந்தால், அதைத் திருப்பி வைக்கும் செலவு உங்கள் தலையில் விழலாம். இன்னொரு பக்கம், இதே விதிதான் நாளைக்கு உங்கள் பக்கத்து வீட்டை இடித்துப் பத்து மாடி எழுப்பவிடாமல் தடுக்கிறது. எனக்கு அது நல்ல பேரமாகத்தான் தெரிகிறது.

கார் நிறுத்த இடம் இருக்காது, விழா நாட்களில் தெருவை அடைப்பார்கள், சத்தம் இருக்கும். இது உங்களுக்கே தெரியும். இரண்டு கார் இல்லாமல் முடியாது என்கிற குடும்பம் அங்கே போய்த் தினமும் சண்டை போடும். ஒரு காரைக் கைவிட முடியும் என்றால் மிச்சமாவதை ரிப்பேர் கணக்கில் போட்டு வையுங்கள்.

வாங்கலாமா என்றால், அந்த மாலை நடையில் மாமியார் முகம் சுளிக்காமல் ஆற்றங்கரை வரை வந்து திரும்பினால் என் ஓட்டு வாங்குவதற்குத்தான். ஈயமும் ஈரமும் பணம் செலவழித்தால் தீர்கிற பிரச்சினைகள், அதை விலையில் பேசிக் குறைக்கலாம். நடுவில் அகலச் சாலை கிடந்தால் அதை உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. முடிந்தால் அதே தெருவில் ஒரு மழைக்காலம் வாடகைக்கு இருந்து பாருங்கள். அதற்குள் இந்த வீடு விலைபோய்விடும் என்று கணவர் பதறுவார். பதறட்டும். முதலில் அவரை சைக்கிளோடு அந்த வாசற்படியில் நாலு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள்.