வெளிநாட்டில் எல்.எல்.எம். (முதுகலைச் சட்டப்படிப்பு) படிக்க நாட்டையும் பல்கலைக்கழகத்தையும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஐந்து வருட சட்டப்படிப்பு முடித்து, மூன்று வருடமாக ஜூனியராக இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இங்கிலாந்தா அமெரிக்காவா, ரேங்க்கில் மேலே இருப்பதா கட்டணம் குறைவாக இருப்பதா என்பது உங்கள் கேள்வி. நான் சென்னையில் பிராக்டீஸ் செய்துகொண்டிருந்தபோது லண்டன் போய் ஆர்பிட்ரேஷனில் (கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரை வைத்துத் தகராறைத் தீர்க்கும் முறை) எல்.எல்.எம். முடித்துவிட்டுத் திரும்பி வந்தவன். என்னிடம் இதைக் கேட்கும் ஜூனியர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: படித்து முடித்தபின் எந்த ஊரில் வக்கீலாக இருக்கப் போகிறீர்கள்? அது முடிவாகாமல் ரேங்க் பட்டியலைப் பார்ப்பதில் பயனில்லை. எல்.எல்.எம். பட்டம் எந்த ஊரிலும் தானாகத் தொழில் உரிமம் வாங்கித் தராது.

இங்கிலாந்தில் சொலிசிட்டர் (அங்கே வக்கீல்களில் ஒரு வகை) ஆவதுதான் நோக்கம் என்றால் அதற்கு எல்.எல்.எம்.மே தேவையில்லை. 2021 முதல் அதற்கான எஸ்.க்யூ.இ. என்ற தகுதித் தேர்வு இரண்டு கட்டமாக நடக்கிறது. மற்றவர்களுக்கு அதோடு இரண்டு வருட வேலை அனுபவமும் வேண்டும். ஏற்கெனவே வேறு நாட்டில் வக்கீலாகப் பதிவு செய்தவர்களுக்கு அந்த நிபந்தனை கிடையாது. பார் கவுன்சிலில் பதிவு செய்திருக்கும் நீங்கள் சென்னையில் இருந்துகொண்டே அதற்குப் படிக்கலாம். படிப்பு முடிந்தபின் அங்கே தங்க இப்போது இரண்டு வருட விசா கிடைக்கிறது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். கல்யாணம் ஆகியிருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: 2024 தொடக்கத்திலிருந்து இந்த மாதிரி முதுகலைப் படிப்புக்குப் போகிறவர்கள் கணவன், மனைவி, குழந்தைகளைக் கூட்டிப்போக முடியாது.

அமெரிக்கா என்றால் எல்லோரும் நினைப்பது, அங்கே வக்கீலாக எழுத வேண்டிய நியூயார்க் பார் தேர்வைத்தான். நம்முடையதும் இங்கிலாந்திலிருந்து வந்த காமன் லா மரபு என்பதால், நம் ஊர்ச் சட்டப்பட்டத்தை வைத்தே பலருக்கு அந்தத் தேர்வெழுதத் தகுதி கிடைத்துவிடுகிறது. நியூயார்க் தேர்வு வாரியத்துக்கு முன்கூட்டியே சான்றிதழ்களை அனுப்பித் தகுதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பல மாதம் ஆகலாம், ஆனாலும் பதில் வராமல் பல லட்சத்தைக் கட்டாதீர்கள். எல்.எல்.எம். படித்தே ஆக வேண்டும் என்று பதில் வந்தால், 24 கிரெடிட்டும் வாரியம் சொல்லும் பாடங்களும் உங்கள் கோர்ஸில் அடங்குகின்றனவா என்று பாருங்கள். வேலை விஷயம் இன்னும் கடினம். படிப்புக்குப் பின் அங்கே வேலை பார்க்கத் தரும் ஓ.பி.டி. அனுமதி சட்டப்படிப்புக்கு 12 மாதம்தான், இன்ஜினியரிங் படித்தவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் கிடையாது. அதிலும் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. மே மாதம் படிப்பு முடியும், ஜூலை கடைசியில் பார் தேர்வு, முடிவு வர அக்டோபர் ஆகிவிடும். இதற்கு நடுவில் அந்த 90 நாளை எப்படிச் சமாளிப்பது என்று யோசித்துவிட்டுப் போங்கள்.

திரும்பி வந்து இங்கேயே பிராக்டீஸ் செய்வதாக இருந்தால் கணக்கே வேறு. அப்போது பல்கலைக்கழகத்தின் பெயரைவிட நீங்கள் எடுக்கப்போகும் நான்கைந்து பாடங்கள்தான் முக்கியம். என் அனுபவத்தையே சொல்கிறேன். இங்கிலாந்தின் ஆர்பிட்ரேஷன் சட்டமும் 1996, நம்முடையதும் 1996. ஒரு செமினாரில் ஆசிரியர் நடுவர் தந்த ஒரு தீர்ப்பாணையைக் கையில் கொடுத்து, அதை ரத்து செய்ய அவரவர் நாட்டுச் சட்டப்படி என்ன வாதம் வைப்பீர்கள் என்று கேட்டார். நான் நம் 34ஆம் பிரிவின்படி எழுதினேன். பக்கத்தில் இருந்த நைஜீரியக்காரர் அவர் ஊர்ச் சட்டத்தை வைத்து எழுதினார். இங்கிலாந்திலோ 69ஆவது பிரிவின்படி, சட்டப் பிரச்சினை ஒன்றை மட்டும் வைத்தே அப்பீல் போகலாம், நமக்கு அந்த வழி இல்லை. இன்றைக்கும் ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷனுக்கான இடமாக லண்டனைப் போடுவதா சிங்கப்பூரைப் போடுவதா என்று கட்சிக்காரர் கேட்டால், அந்த வகுப்பில் கற்றதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

அதனால் பல்கலைக்கழக இணையதளத்தில் நீங்கள் சேரும் வருடத்துக்கான பாடப்பட்டியலைத் தேடி எடுங்கள். நூறு பாடம் போட்டிருப்பார்கள், எல்லாம் எல்லா வருடமும் நடக்காது. எது நடக்கிறது, யார் எடுக்கிறார், ஒரு வகுப்பில் எத்தனை பேர், பரீட்சையா கட்டுரையா என்று சேர்க்கை அலுவலகத்துக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். ஆர்பிட்ரேஷன் என்றால் லண்டன் குயீன் மேரி, ஜெனீவா, ஸ்டாக்ஹோம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தியக் கம்பெனிகளின் தகராறுகள் ஏராளமாகச் சிங்கப்பூருக்குப் போகின்றன என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தும் எண்ணம் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். வெளிநாட்டு ஒரு வருடப் பட்டம் இந்திய எல்.எல்.எம்.முக்குச் சமமில்லை என்று பார் கவுன்சில் 2020 விதிகளில் சொன்னது. அதை எதிர்த்து வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆசிரியர் பணிக்கு இன்றைய நிலை என்ன என்பதை உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, இங்கிலாந்து விசாவுக்குக் கட்டணப் பாக்கியும் 9 மாதச் செலவுக்கான தொகையும் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு உங்கள் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்க வேண்டும், சித்தப்பா கணக்கில் இருந்தால் செல்லாது. பிரிட்டன் அரசு தரும் செவ்னிங் உதவித்தொகைக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள். அதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறார்கள், மூன்று வருட ஜூனியருக்கு அது தாராளமாகவே இருக்கும். படித்தபின் இரண்டு வருடம் ஊரில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, திரும்பி வருகிறவருக்கு அது பாரமே இல்லை. பட்டியல் சாதியினருக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை உண்டு. 35 வயதுக்குள், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

அப்புறம் சீனியரிடம் பரிந்துரைக் கடிதம் இப்போதே கேட்டு வையுங்கள். ‘நல்ல பையன், கடின உழைப்பாளி’ என்று பொதுவாக எழுதித் தந்தால் அங்கே யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். எந்த மனுவை நீங்கள் டிராஃப்ட் செய்தீர்கள், அதில் என்ன சட்டப் பிரச்சினை, நீங்கள் தேடிக் கொடுத்த எந்தத் தீர்ப்பு வாதத்தில் உதவியது என்று ஒரு பக்கம் குறிப்பெழுதிக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். பிஸியான சீனியர்கள்கூட அதை வைத்து நல்ல கடிதம் தருவார்கள்.