லேசான ராடில் கொடுவா பிடிக்க, சீக்கிரம் அறுந்து போகாத நரம்பு எது?

தூண்டில் நரம்பின் உறுதியை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். இழுத்தால் தாங்குவது ஒன்று, உரசினால் தாங்குவது இன்னொன்று.

கடையில் பிரெய்டு என்று கிடைக்கும் பின்னல் நரம்பு இழுப்புக்குக் கெட்டி. அதே பலமுள்ள நைலானைவிட நன்றாகவே மெலிசு, அதனால் சின்ன ரீலிலும் நிறைய சுற்றலாம், எடை குறைந்த லூர்கூட (பொய் இரை) தூரமாகப் போய் விழும், அதிகம் நீளாது என்பதால் மீன் கடித்தது கைக்கு உடனே தெரியும். ஆனால் உரசல் அதற்கு ஆகாது. கிணற்றுக் கயிறு விளிம்பில் தேய்கிற இடத்தில் இழை இழையாகப் பிய்ந்து ஒரு நாள் அறுமே, அதே கதைதான்.

எண்ணூர் முகத்துவாரத்திலும் காசிமேட்டுப் பக்கம் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளிலும் பாறாங்கல், அதில் ஒட்டிய சிப்பி, எல்லாமே நரம்பை அறுக்கும். கொடுவாவின் செவுள் மூடி ஓரமும் கூர்மையானது, தலையை உதறும்போது வெட்டிவிடும்.

அதனால் 10 முதல் 15 பவுண்டு பிரெய்டைச் சுற்றி, முனையில் சுமார் 3 அடிக்கு 25, 30 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பை லீடராக, அதாவது தூண்டில் பக்கத்து முனைத் துண்டாகக் கட்டுங்கள். அது ஒரே தடித்த இழை, மேலே கீறினாலும் உள்ளே பலம் மிச்சம் இருக்கும். ஃப்ளோரோகார்பன் விலை அதிகமாகத் தெரிந்தால் தடித்த நைலானே போதும். ஒவ்வொரு மீனுக்கும் அப்புறம் லீடரை விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு தட்டினால் அந்தத் துண்டை வெட்டி மறுபடி கட்டுங்கள், தயவுசெய்து சோம்பல் படாதீர்கள்.

பலரும் பவுண்டு எண் பெரிதாக இருந்தால் நரம்பு நாள்பட உழைக்கும் என்று நினைக்கிறார்கள். அந்த எண் நேராக இழுத்தால் எவ்வளவு தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது, சிப்பியில் உரசினால் தாங்குமா என்பதைச் சொல்வதில்லை.